முதுகில் அறுபத்தைந்து

எழுபது வயதாகப் போகிறதே என்று சந்தோஷத்தில் துள்ளிய மனிதனை ஹேசல்டன் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. ராய்ஸ்டன் சக்டன் சமையலறை நாள்காட்டியில் பிப்ரவரி மூன்றாம் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். அடுத்த நாள் வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். டிசம்பர் முழுக்க இப்படியே போட்டுப் போட்டு, கடைசியில் காகிதம் பிய்ந்து ஓட்டை வழியே மார்ச் மாதம் எட்டிப் பார்த்தது.

"எழுபது ஆச்சுன்னா மத்தவங்க உயில் எழுதுவாங்க," என்றாள் மனைவி டோரீன். "நீ ஸ்பைக் ஷூ வாங்கிட்டு வந்து நிக்கற."

"உனக்குப் புரியாது."

"புரியலைன்னு யார் சொன்னா? ஊருக்கே புரியுது. கசாப்புக் கடைக்காரன் கேக்கறான், 'உங்க வீட்டுக்காரர் எப்பம்மா எழுபதாகறார்'னு."

மூத்தோர் ஓட்டத்தில் மனிதர்களைக் கூடை கூடையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அறுபத்தைந்திலிருந்து அறுபத்தொன்பது வரை ஒரு கூடை, எழுபதிலிருந்து எழுபத்துநான்கு வரை அடுத்த கூடை. கூடையின் அடியில் நசுங்கிக் கிடக்கும் அறுபத்தொன்பதுக்காரனை, நேற்றுத்தான் அறுபத்தைந்தைத் தொட்ட பொடியன்கள் எல்லாம் மிதித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒரே ஒரு பிறந்தநாள் கழிந்தால் போதும், அடுத்த கூடையில் அவனே பச்சைப் பிள்ளை. உலகத்தில் வேறெங்கும் கிழவர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். ஓட்டச் சங்கத்தில் மட்டும் ஒரு வாரம் கூட்டிச் சொல்ல முடியாதா என்று ஏங்குவார்கள்.

ராய்ஸ்டனின் ஏக்கத்துக்குக் காரணம் இன்னும் குறிப்பானது. அதன் பெயர் நெவில் ஹாரக்ஸ்.

இருவரும் ஹேசல்டன் ஓட்டச் சங்கத்தில் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். நெவில் தபால்காரர், வாழ்நாள் முழுக்க மேட்டிலும் மழையிலும் நடந்தவர். ராய்ஸ்டன் பஸ் ஓட்டியவர். அவர் கால்களுக்குச் சம்பளம் கிடைத்தது, இவர் இருக்கைக்குச் சம்பளம் கிடைத்தது. நாற்பது வருஷத்தில் நெவில் அவரை நானூற்றுப் பதினொரு தடவை தோற்கடித்திருக்கிறார் என்பது டோரீன் கணக்கு. நானூற்றுப் பத்துதான் என்பது ராய்ஸ்டன் கட்சி. ஒரு தடவை குறுக்கே ஒரு நாய் வந்துவிட்டது, அதைச் சேர்க்கக் கூடாதாம். நெவிலை அவர் முந்தியது எத்தனை தடவை என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே பதில்.

நெவில் ஒரு மோசமான மனிதராக இருந்து தொலைத்திருந்தால் ராய்ஸ்டன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த ஆள் தங்கமானவர். பந்தயம் முடிந்ததும் கோட்டுக்குப் பக்கத்தில் தேநீர்க் குடுவையோடு நிற்பார், ராய்ஸ்டன் வந்து சேர்ந்ததும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பார், "நல்லா ஓடினடா" என்று முதுகில் தட்டுவார். நானூற்றுப் பத்து கோப்பைத் தேநீர். ஒவ்வொன்றும் ராய்ஸ்டனின் வயிற்றில் கசாயமாய் இறங்கி அங்கேயே தங்கியது.

ஆனால் கடவுள் ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தார். ராய்ஸ்டன் பிறந்தது பிப்ரவரி மூன்று, நெவில் பிறந்தது அதே பிப்ரவரி இருபது. பந்தயத்தன்று என்ன வயதோ அதுதான் வயது என்பது விதி. ஆக, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, பதினேழே நாட்கள், ராய்ஸ்டன் அடுத்த கூடைக்குத் தாவிவிடுவார், நெவில் பழைய கூடையில் இருப்பார். வடக்கு வட்டார மூத்தோர் வயல்வெளிப் பந்தயம் அந்தப் பதினேழு நாளுக்குள் வந்தால், நெவில் இல்லாத கூடையில் முதலாவதாக வரலாம்.

இந்தச் சன்னல் ஐம்பதாவது வயதில் ஒரு தடவை திறந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் டோரீனின் அலமாரியை நகர்த்தப் போய், ராய்ஸ்டன் மூன்று வாரம் கேள்விக்குறி போல வளைந்து கிடந்தார். ஐம்பத்தைந்தில் பந்தயம் மார்ச்சுக்குப் போய்விட்டது. அறுபதாவது வயதில் திறந்தபோது அதே சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியாதா என்று சும்மா கேட்டதற்கே டோரீன் ஒன்பது நாள் பேசவில்லை. அறுபத்தைந்தில் எல்லாம் கூடி வந்தது, ஓடினார், நெவில் வேறு கூடையில் இருந்தார், ஆனால் டர்ஹாம் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் எங்கிருந்தோ முளைத்து ஐம்பது கஜ வித்தியாசத்தில் முந்திவிட்டார். அவர் இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். ராய்ஸ்டன் விசாரித்து உறுதி செய்துகொண்ட விஷயம் அது. அங்கே பனி முழங்கால் உயரம் என்று தெரிந்தபோது மனசுக்கு இதமாக இருந்தது.

இந்த வருஷம் பந்தயம் பிப்ரவரி பதினைந்து. அதுவும் ஹேசல்டன் சங்கமே நடத்துவது, ராய்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடிய வயல்களில். எழுபதுக் கூடையில் இருந்த அத்தனை கிழவர்களின் மூன்று வருஷத்து ஓட்ட நேரங்களையும் எழுதி வைத்துப் பார்த்தார். நெவில் இல்லையென்றால் அவரை முந்த ஆள் இல்லை.

நெவிலும் எண்ணிப் பார்த்திருந்தார் போலும். நவம்பரில் ஒரு நாள், குதிரை லாயத்து மேட்டில் ஏழாவது தடவை ஏறி இறங்கி, இருவரும் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நிற்கையில் சொன்னார்:

"இந்த வருஷம் உனக்குத்தாண்டா ராய். பதினஞ்சாம் தேதி நான் இன்னும் அறுபத்தொம்போது. மெடல் உன் பாக்கெட்ல."

"யார் கண்டா," என்றார் ராய்ஸ்டன்.

"நான் கண்டேன். நானே உன்னைத் தயார் பண்றேன். இன்னும் மூணு தடவை ஏறணும், வா."

அன்பாகச் சொன்னதுதான். தெருவில் நிற்பவனுக்குப் பழைய கோட்டைக் கழற்றிக் கொடுப்பவனும் அன்பாகத்தான் கொடுக்கிறான். ராய்ஸ்டன் வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

ஏறினார் என்றால் சாதாரண ஏற்றமா. குதிரை லாயத்து மேட்டில் ஆடுகள்கூட கைப்பிடி தேடும். செவ்வாய் காலை பத்து மணிக்கு அந்த மேடு பத்துத் தடவை, வியாழன் பள்ளி மைதானத்தில் வேக ஓட்டம், ஞாயிறு அணைக்கட்டைச் சுற்றிப் பன்னிரண்டு மைல். இரண்டு கால்விரல் நகங்கள் போயின, அவற்றைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்தார், டோரீன் தீப்பெட்டியோடு தூக்கி எறிந்தாள். நவம்பரிலிருந்து பீர் குடிப்பதை நிறுத்தியதில் பப்காரன் துக்கம் விசாரிக்க ஆள் அனுப்பினான். ஜனவரி கடைசியில் ராய்ஸ்டனின் கன்னங்கள் உள்ளே போய், சவரம் செய்யக் கத்தி குகைக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஆனால் கால்கள் பறந்தன. அணைக்கட்டு ஓட்டத்தில் நெவிலுக்குப் பின்னால் அவர் வழக்கமாகக் காணும் தூரம் பாதியானது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெவிலை முந்துவது என்ற ஆசை அவரிடம் எப்போதோ செத்துப்போய் அடக்கமும் ஆகிவிட்டது. அவருக்கு வேண்டியது நெவில் இல்லாத ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதான்.

பிப்ரவரி மூன்று வந்தது, எழுபது ஆனது. பதினொன்றாம் தேதி மழை பிடித்தது. நோவா பார்த்திருந்தால் பேழைக்கு மேல் இன்னொரு மாடி கட்டியிருப்பார். பதினான்காம் தேதி மதியம் தொலைபேசி அடித்தது. நெவில்தான். நடத்தும் சங்கம் என்பதால் வயலைப் போய்ப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

"ராய், உட்கார்ந்துட்டு இருக்கியா?"

"நின்னுட்டு இருக்கேன். சொல்லு."

"வயல் போச்சுடா. கீழ் வளைவுல இடுப்பு மட்டும் தண்ணி. நாளைக்கு நடத்த முடியாது. அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளியாச்சு."

ராய்ஸ்டன் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை இருபத்திரண்டு.

"தண்ணி முழங்கால் மட்டும்தான் இருக்கும்," என்றார்.

"இடுப்புடா. நானே இறங்கிப் பாத்தேன்."

"நாம இதைவிட மோசமா ஓடியிருக்கோம்."

"எனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியாதா." நெவில் குரல் தாழ்ந்தது. "நான் சொல்லிப் பாத்தேன். வட்டாரக் கமிட்டில கேக்க மாட்டேங்கறாங்க. மன்னிச்சுக்கடா."

ராய்ஸ்டன் தொலைபேசியை வைத்துவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நேரே வயலுக்குப் போனார். நெவில் பொய் சொல்லியிருப்பார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போய்ப் பார்த்தால், கடைசி நேர்கோட்டில் இரண்டு வாத்துகள் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன, அதில் ஒன்று முந்திக்கொண்டும் இருந்தது.

"வாத்தையாவது நம்பறியா?" என்றாள் டோரீன், அவர் சொட்டச் சொட்ட வீடு திரும்பி வாத்துகளைப் பற்றிச் சொன்னதும். "இரண்டாவதா வந்தா என்ன ராய்ஸ்டன்? உனக்குப் பழக்கம்தானே."

அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ராய்ஸ்டன் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதி வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தண்ணீர் வடிந்து, வயல் முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. நெவிலுக்கு வியாழக்கிழமை எழுபது ஆகியிருந்தது. சங்கத்தில் கேக் வெட்டினார்கள், ராய்ஸ்டனும் ஒரு துண்டு தின்றார்.

மூத்தோர் பந்தயத்தில் நெஞ்சில் ஓட்ட எண்ணை மாட்டுவார்கள், முதுகில் வயதுக் கூடையின் எண்ணை ஒரு மஞ்சள் அட்டையில் மாட்டுவார்கள். அறுபத்தைந்து என்றால் அறுபத்தைந்து, எழுபது என்றால் எழுபது. இரண்டு கூடையும் ஒன்றாகவே ஓடுவதால், முன்னால் போகிற ஆள் நமக்குப் போட்டியா இல்லையா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். யாரை வெறுப்பது என்று தெரியாமல் எப்படி ஓடுவது? முதுகில் வேறு எண் இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். சொந்த எண் இருந்தால் உயிரை விட்டாவது பிடிப்பார்கள். அந்த அட்டையை எவனும் தானே மாட்டிக்கொள்ள முடியாது, கை எட்டாது. ஆளுக்கு ஆள் மாட்டிவிட வேண்டும்.

பந்தயம் தள்ளிப்போனதால் ஒரு சிக்கல் வந்திருந்தது. அட்டைகளைப் பழைய பதினைந்தாம் தேதிக் கணக்கிலேயே உறையில் போட்டு வைத்துவிட்டார்கள். இடையில் பிறந்தநாள் வந்தவர்கள் மேஜைக்குப் போய்ச் சொல்லி அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும், சொல்லாதவர்கள் பழைய கூடையிலேயே எழுதப்படுவார்கள் என்று கூடாரத்தின் வாசலில் எழுதி ஒட்டியிருந்தது.

நெவில் கழிப்பறை வரிசையில் நின்றார். ஓட்டக்காரர்களின் கழிப்பறை வரிசை என்பது லண்டன் வரை போகக்கூடியது. அவருக்கு முன்னால் பதினெட்டுப் பேர், பந்தயத்துக்கு இருபத்தைந்து நிமிஷம்.

"ராய், ஒரு உபகாரம்." உறையை நீட்டினார். "இதுல அறுபத்தஞ்சு இருக்கு. மேஜைல குடுத்து எழுபது வாங்கிட்டு வந்துடறியா? இந்த எடத்தை விட்டா நான் வயல்லதான் போகணும்."

"குடு," என்றார் ராய்ஸ்டன்.

"கால் எப்படி இருக்கு?"

"பின்னந்தொடை பிடிச்சுக்கிச்சு. உனக்கு?"

"முட்டி போயே போச்சு. நடக்கவே முடியல."

காயம் இல்லாத ஓட்டக்காரன் ஒருவன் கோட்டில் வந்து நின்றதாகச் சரித்திரத்திலேயே இல்லை, ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

கூடாரத்தில் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். ராய்ஸ்டன் நான்காவதாக நின்றார். மேஜைக்குப் பின்னால் வினிஃபிரட் பாஸ்க் என்ற அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடியும் இரண்டு ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தாள். மேஜையில் எழுபது என்று எழுதிய மஞ்சள் அட்டைகள் ஒரு கட்டாக இருந்தன. வரிசையில் நிற்கும்போது ராய்ஸ்டனுக்கு எந்தத் திட்டமும் இல்லை. இதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆள் போனார், இன்னொரு ஆள் போனார். உறை கையில் லேசாக இருந்தது.

"உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்றாள் வினிஃபிரட்.

"நாலு ஊக்கு குடுங்க," என்றார் ராய்ஸ்டன்.

அவள் நாலு ஊக்கைத் தந்தாள். அவர் வெளியே வந்தார்.

நெவில் கழிப்பறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, பழுப்பும் மஞ்சளுமான சங்கத்துப் பனியனோடு முதுகைக் காட்டி நின்றார். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. முதல் ஊக்கு நழுவிச் சேற்றில் விழுந்தது, தேடி எடுத்துத் துடைத்து மாட்டினார். நெவிலின் முதுகெலும்பு பனியனுக்குள் ஒரு கோடாகத் தெரிந்தது. நாலு மூலையும் இழுத்து, சுருக்கம் இல்லாமல், அழகாகவே மாட்டினார். அறுபத்தைந்து.

"மாத்திட்டியா?"

"ம்."

"நீ ஒரு தங்கம்டா," என்றார் நெவில். திரும்பி நின்று, ராய்ஸ்டனின் முதுகில் எழுபதை மாட்டிவிட்டார். பிறகு ஒரு தட்டுத் தட்டினார்.

ஆறு கிலோமீட்டர், மூன்று சுற்று. துப்பாக்கி வெடித்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட கிழவர்கள் எருமைக் கூட்டம் போல் சேற்றில் பாய்ந்தார்கள். தைல வாசனை அடுத்த மாவட்டம் வரை போயிருக்கும். முதல் சுற்றில் நெவில் முப்பது கஜம் முன்னால். அது வழக்கம். எழுபதுக் கூடையில் வேறு யாரும் ராய்ஸ்டனுக்கு முன்னால் இல்லை, பின்னால் ஐசக் என்ற கம்பர்லாந்து ஆட்டுக்காரர் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார். எல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்த்தபடியே.

காகிதத்தில் இல்லாதது இரண்டாவது சுற்றில் நடந்தது. நெவில் இருபது கஜத்துக்கு வந்தார்.

கண் ஏமாற்றுகிறது என்று ராய்ஸ்டன் நினைத்தார். கண் ஏமாற்றவில்லை. மூன்று மாத மேடும், போன நகங்களும், குடிக்காத பீரும் கால்களில் வந்து சேர்ந்திருந்தன. சேறு மற்றவர்களைப் பிடித்து இழுத்தது, இவரைத் தூக்கி விட்டது. மூன்றாவது சுற்றின் பாதியில் பத்து கஜம். நெவிலின் இடது தோள் சாய்வதை முதல் தடவையாகப் பார்த்தார். நாற்பது வருஷமாக அந்த முதுகைப் பார்த்து வந்தவர், அது தள்ளாடி ஒரு தடவையும் கண்டதில்லை. கடைசி மேட்டின் அடியில் ஐந்து கஜம். நெவில் மூச்சு வாங்கும் சத்தம் பழைய பஸ்ஸின் பிரேக் போலக் கேட்டது. ராய்ஸ்டனுக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருந்தது.

நேர் எதிரே, சேறு தெறித்த மஞ்சள் அட்டை மேலும் கீழும் ஆடியது. அறுபத்தைந்து.

அறுபத்தைந்து என்றால் நம் ஆள் இல்லை. மூத்தோர் பந்தயத்தில் முப்பது வருஷப் பழக்கம், மனசு கேட்பதற்கு முன்னால் கால் கேட்டுக்கொண்டது. போகட்டும். பின்னால் ஐசக் அறுபது கஜம். முதலிடம் கையில். எதற்கு வீணாக மேட்டில் நெஞ்சை வெடிக்க வைப்பது? தோள்கள் தாமாகத் தளர்ந்தன, அடி குறுகியது. நெவில் மேட்டைத் தாண்டி இறங்கினார். ராய்ஸ்டன் ஒழுங்கான ஓட்டத்தில் அவர் பின்னால் இறங்கி, எட்டு கஜம் தள்ளிக் கோட்டைத் தாண்டி, ஒரு கையை உயர்த்தினார்.

உயர்த்திய கை இறங்குவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். உண்மையாக ஓடியவன் யாரும் கோட்டைத் தாண்டி நிமிர்ந்து நிற்பதில்லை. நெவில் நாலு காலில் சேற்றில் கிடந்தார், மண்டியிட்டு வாந்தி எடுத்தார். தேநீர்க் குடுவை எங்கோ கிடந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு நெவில் தலையை மட்டும் தூக்கினார்.

"எங்கடா போன?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

"மேட்டுல உன் காலடி காதுகிட்ட கேட்டுச்சு. நான் முடிஞ்சு போயிட்டேன். தாண்டப் போறான், தாண்டப் போறான்னு..." மறுபடி குமட்டியது, அடக்கிக்கொண்டார். "நாப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் உன்னை நெனச்சுப் பயந்தேன். ஏன்டா விட்ட?"

ராய்ஸ்டன் வாயைத் திறந்தார். பின்னந்தொடை என்றார்.

கிரிக்கெட் கூடத்தில் இறைச்சி அடைத்த அப்பமும் பிசைந்த பட்டாணியும் கொடுத்தார்கள். பரிசளிப்புக்கு முன் உடை மாற்றும் அறையில் நெவில் பனியனைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார், மஞ்சள் அட்டை அவர் முகத்துக்கு எதிரே வந்தது. ராய்ஸ்டன் பக்கத்து பெஞ்சில் குனிந்து, ஏற்கெனவே அவிழ்ந்திருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நெவில் அட்டையைப் படித்தார். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடி, பெஞ்சில் வைத்தார். சுற்றிலும் இருபது கிழவர்கள் தங்கள் முழங்கால்களைப் பற்றி ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எழுபது வயசுப் பிரிவு. முதல் இடம், ஹேசல்டன், ராய்ஸ்டன் சக்டன்," என்று அறிவித்தார்கள். கூடம் கை தட்டியது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டோரீன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்தாள். நெவிலும் கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார்.

ராய்ஸ்டன் மெடலோடு திரும்பி வரும்போது வினிஃபிரட் பாஸ்க் நெவிலின் மேஜை அருகே ஒரு காகிதத்தோடு நின்றிருந்தாள்.

"நெவில் கண்ணு, உன்னை அறுபத்தஞ்சுல நாலாவதா போட்டிருக்கு. இதுல பார்த்தா வியாழக்கிழமையே உனக்கு எழுபது ஆயிருக்கே. நீ அட்டையை மாத்த வரலையா?"

ராய்ஸ்டன் நின்ற இடத்தில் நின்றார். நெவில் தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். அவர் சர்க்கரை போடுகிறவர் இல்லை.

"மறந்துட்டேன் வினிஃபிரட். என் தப்புதான்."

"அப்ப நீதானே எழுபதுல முதல். நான் திருத்திடறேன், ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம். மாத்தாதவன் பழைய பிரிவுலன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

"நெவில்," என்றார் ராய்ஸ்டன்.

நெவில் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் ராய்ஸ்டன் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். தபால் கொடுக்கப் போன வீட்டில் யாரோ அறிமுகமில்லாதவர் கதவைத் திறந்தால் பார்ப்பது போல, மரியாதையாகப் பார்த்தார்.

"நல்லா ஓடின ராய்ஸ்டன்," என்றார். நாற்பது வருஷமாக அவர் வாயில் வந்த 'ராய்' அன்று வரவில்லை. 'டா'வும் வரவில்லை.

போகும்போது ராய்ஸ்டனின் காரில் ஒன்றாகப் போனவர்கள், திரும்பும்போது தனியாகத் திரும்பினார்கள். நெவில் வேறு யாருடைய காரிலோ ஏறிக்கொண்டார்.

"அவனுக்கு என்னாச்சு?" என்றாள் டோரீன். "நீ ஜெயிச்சதுல பொறாமையா?"

"இருக்கும்," என்றார் ராய்ஸ்டன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காக அவர் தன்னை வெறுத்தது, அட்டையை மாட்டியதற்காக வெறுத்ததைவிட அதிகம்.

அவள் மெடலை வாங்கிக் கையில் எடை பார்த்தாள். "இதுக்காகவா என் பொண்ணு கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்ன. பிஸ்கட் டப்பா மூடி மாதிரி இருக்கு."

ஞாயிறு முழுக்க ராய்ஸ்டன் அந்த மேட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. ஐந்து கஜம், மூச்சு மிச்சம், தள்ளாடும் தோள். உண்மையான அட்டையை மாட்டியிருந்தால் எதிரே எழுபது ஆடியிருக்கும். எழுபதைக் கண்டிருந்தால் கால் விட்டிருக்காது. விட்டிருக்காது என்று நூறு தடவை தனக்குச் சொன்னார். விட்டிருக்கவும் கூடும் என்று நூற்றோராவது தடவை தோன்றியது. திருடாமல் இருந்திருந்தால் அது அவருடையதாகவே இருந்திருக்குமா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் குதிரை லாயத்து மேட்டின் அடியில் நெவில் வந்து நின்றார். வரமாட்டார் என்று நினைத்து வந்த ராய்ஸ்டன் வேகமாக அவர் பக்கத்தில் போனார்.

"நெவில், அந்த அட்டை..."

"எந்த அட்டை?"

"நான் வேணும்னே..."

"இன்னைக்குப் பத்து தடவை," என்றார் நெவில். "நீ முன்னாடி போ."

நாற்பது வருஷத்தில் ராய்ஸ்டன் அந்த மேட்டில் முன்னால் போனதே இல்லை. கிளம்பினார். ஒன்றரை கஜம் பின்னால் நெவிலின் காலடி கேட்டது. பாதி மேட்டில் ராய்ஸ்டன் வேகத்தைக் கூட்டினார், காலடி பின்தங்கியது, அவசரமில்லாமல். வேகத்தைக் குறைத்தார், காலடியும் குறைந்து அதே ஒன்றரை கஜத்துக்கு வந்து நின்றது. இன்னும் குறைத்தார். கிட்டத்தட்ட நடந்தார். பின்னால் இருப்பவரும் கிட்டத்தட்ட நடந்தார்.

மூன்றாவது தடவை மேட்டின் உச்சியில் ராய்ஸ்டன் திரும்பி நின்றார். "ஒரே ஒரு தடவை. கீழே இருந்து விளக்குக் கம்பம் வரைக்கும். நிஜமா ஓடலாம். நீ முந்தினா நான் போய் வினிஃபிரட்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். முந்தலைன்னாலும் சொல்றேன்."

"நீங்கதானே சாம்பியன்," என்றார் நெவில். "நான் எதுக்கு உங்களோட ஓடணும்."

அந்த 'நீங்க' ராய்ஸ்டனின் காதில் சுள்ளென்று விழுந்தது. கீழே இறங்கி மறுபடி ஏறினார்கள். அடுத்த செவ்வாயும் ஏறினார்கள், அதற்கடுத்த செவ்வாயும். பின்னால் வரும் காலடி ஒரு நாளும் முந்தவில்லை, ஒரு நாளும் மூச்சு வாங்கவில்லை. மேலே போனதும் நெவில் கைக்கடிகாரத்தை அமுக்குவார், "நல்லா ஓடினீங்க" என்பார், இறங்கத் தொடங்குவார்.